இரும்பு படாத உடம்பு

பிப்ரவரி 4, செவ்வாய்

அண்ணன் இன்று டாக்டரை அடித்தார். ஒரே அறை. டாக்டரின் கண்ணாடி பறந்து எடை பார்க்கும் மெஷினுக்கு அடியில் போய் விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தவன் நான். அண்ணன் அடித்துச் சிதறுவதைப் பொறுக்கித் தருவது எங்கள் குடும்பத்தில் என் இலாகா.

டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: இடது காலில் இரண்டு விரல்கள் செத்துவிட்டன, எடுத்தாக வேண்டும். தள்ளிப்போட்டால் பாதம் போகும், பிறகு முழங்கால் வரை போகும்.

"மரம் அறுக்கிறவன் நான். என்னையே அறுக்கலாம்னு பாக்குறியா?" என்றார் அண்ணன். கேள்விக்குறி முடிவதற்குள் கை பேசிவிட்டது.

சர்க்கரை அவர் கால் நரம்புகளை எப்போதோ தின்று முடித்துவிட்டது. போன மாதம் மர மில்லில் ஓர் ஆணி செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறியிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. நாள் முழுக்க அதன்மேல் நடந்து லாரியில் லோடு ஏற்றியிருக்கிறார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் செருப்பு வரவில்லை, கால்தான் வந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

அண்ணிக்கு யாரோ ஓர் உபாசகரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமை வருகிறாராம்.

பிப்ரவரி 8, சனி

சடையும் சிவந்த கண்ணுமாக ஒருவர் வருவார் என்று, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், ஆவலாகவே காத்திருந்தேன். வந்தவர் இஸ்திரி போட்ட சட்டை, மூக்குக்கண்ணாடி, துணிப்பையில் தண்ணீர் பாட்டில். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். தட்சிணை வாங்கமாட்டார். காபிகூட வேண்டாம் என்றுவிட்டார். காசு வாங்கியிருந்தால் மோசடிக்காரன் என்று சொல்லி வாசல்வரை தள்ளியிருக்கலாம். வாங்காதவரை என்ன செய்வது? நம்புகிறவரைவிட ஆபத்தானவர் இல்லை.

டாக்டரைவிட நன்றாக விசாரித்தார். ஆணி ஏறியபோது எந்தத் திசையைப் பார்த்து நின்றீர்கள், யாராவது கூப்பிட்டார்களா, வலித்ததா. வலிக்கவில்லை என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நோய் மூணு வழியில வரும்மா. உடம்பு பண்றது ஒண்ணு. பழைய வினை பண்றது ஒண்ணு. அடுத்தவன் அனுப்புறது ஒண்ணு. வலியே இல்லாம இரும்பு உள்ள நுழைஞ்சிருக்கு. அது ஆணி இல்ல. அனுப்பினது."

என் தொழிலும் காரணம் கண்டுபிடிப்பதுதான். எரிந்துபோன கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் போய், தீ எங்கே தொடங்கியது என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தருகிறேன். எங்களிடமும் மூன்று வழிகள் உண்டு: மின்சாரம், அலட்சியம், முதலாளி. ஆகவே வாத்தியாரின் வகைப்பாட்டை ஒரு சக தொழிலாளியின் மரியாதையோடு கேட்டுக்கொண்டேன்.

பரிகாரம்: ஒரு மண்டலம் காலையும் மாலையும் அம்பாள் கவசம். புண்ணில் திருநீறு. இடுப்பில் எழுதிக் கட்டிய செப்புத் தகடு. கவசத்தைக் கேட்டேன், அழகாக இருந்தது. நெற்றியை இன்ன பெயருள்ளவள் காக்க, கண்ணை இன்னவள் காக்க என்று உச்சந்தலையில் தொடங்கி உள்ளங்கால் வரை இறங்குகிறது. இப்படி ஒரு பாலிசியை நான் பார்த்ததில்லை. 'இதற்கெல்லாம் பொறுப்பில்லை' என்கிற விலக்கு ஒரு வரி இல்லை.

இருந்தது. கடைசியில் சொன்னார்.

"விரதம் முடியறவரைக்கும் உடம்புக்குள்ள இரும்பு போகக்கூடாது."

"கத்தியா சாமி?" என்றார் அண்ணி.

"கத்தி, ஆணி, ஊசி. எதுவும்."

பிப்ரவரி 9, ஞாயிறு

ஊசி என்றால் இன்சுலின்.

தெருக்கோடியில் இருக்கும் நர்ஸ்தான் இரண்டு வேளையும் வந்து போட்டுவிட்டுப் போவாள். ஊசிக்காரம்மா என்றுதான் எங்கள் தெருவில் பெயர். அண்ணன் ஆளைத் தூக்கி எறிவாரே தவிர ஊசியைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்வார். இன்று காலை அவளை அண்ணி வாசலிலேயே நிறுத்தினார்.

"அக்கா, சாமியை நம்ப வேணாம்னு நான் சொல்லல. ஊசி போட்டா சாமிக்கு ஒண்ணும் கோவம் வராது."

"உனக்கு என்னடி தெரியும்? நீ குத்தக் குத்தத்தான் அவரு கரைஞ்சு போறாரு."

அண்ணன் மகன் ஃபிரிட்ஜைத் திறந்து மருந்து பாட்டில்களை எடுத்து, கொல்லையில் துவைக்கிற கல்லில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகச் சுத்தியலால் அடித்தான். இருபத்தாறு வயது. மில்லில் அப்பாவுக்கு வலது கை. தோள் அகலத்துக்காக நாங்கள் அவனைப் பயில்வான் என்போம். அவனைத் தடுக்கப் போனேன். சுத்தியலை இறக்காமல், "தள்ளு சித்தப்பா, கண்ணாடி தெறிக்கும்" என்றான். அக்கறையான பிள்ளை.

வாத்தியாருக்கு போன் செய்து, ஊசி இரும்பில்லை, எஃகு என்று வாதாடிப் பார்த்தேன்.

"எஃகு இரும்போட பிள்ளைதானே தம்பி" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்தாலாவது ஏதாவது பேசலாம்.

பிப்ரவரி 10, திங்கள்

குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறார். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கழிப்பறை. பாதத்திலிருந்து வரும் வாடை கூடத்தைத் தாண்டி மாடியில் என் அறைவரை வருகிறது. அண்ணி ஊதுபத்தி ஏற்றுகிறார். இப்போது மல்லிகைப் பூ அழுகுவதுபோல் இருக்கிறது.

சாப்பாட்டில் உப்பில்லை என்று முக்காலியைத் தூக்கி வீசினார். பயில்வானின் புருவம் கிழிந்தது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே அவன் சிரித்தான்: "பாத்தியா சித்தப்பா? அப்பா இல்ல அது. உள்ள இருக்கிறது தவிக்குது."

உடம்பு தேறினால் கவசம் வேலை செய்கிறது. மோசமானால் கவசம் கடுமையாக வேலை செய்கிறது. இந்தத் தர்க்கத்தில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்க சாயங்காலம் முழுவதும் முயன்றேன். மழைக்கு ஒதுங்கலாம், அவ்வளவு கெட்டியாக இருக்கிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

மதியம் அவர் தூங்கும்போது நானே போட்டுவிடலாம் என்று நர்ஸிடம் ஒரு சிரிஞ்சும் மருந்தும் வாங்கி வந்தேன். "தொப்புளுக்குப் பக்கத்துல சதையைப் பிடிச்சுக் குத்துங்க சார். கை நடுங்கக்கூடாது" என்றாள்.

கை நடுங்கவில்லை. சட்டையை விலக்கும்போதே கண்ணைத் திறந்துவிட்டார். என் இடது சுண்டுவிரலைப் பிடித்துப் பின்னால் மடக்கினார். காய்ந்த குச்சி ஒடிவதுபோல் சத்தம் கேட்டது என்று எழுதுவார்கள். அப்படியில்லை. ஈரக் குச்சி.

பிப்ரவரி 12, புதன்

காய்ச்சல். பேச்சு குழறுகிறது. அண்ணி அழுதுகொண்டே கவசம் படிக்கிறார். முழங்காலுக்கு வரும்போது குரல் உடைகிறது. பாதத்துக்கு வருவதற்குள் திரும்ப நெற்றிக்குப் போய்விடுகிறார்.

நாளை வாத்தியார் வருகிறார். வீட்டில் எங்கோ ஏதோ புதைத்திருக்கிறார்கள், அதை எடுத்தால்தான் இறங்கும் என்றாராம்.

பிப்ரவரி 14, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. இன்று வலது கையில் நான்கு விரல் வேலை செய்கிறது. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் எரிந்துபோன ஒரு மெத்தைக் கடையைப் பார்க்கப் போயிருந்தேன். பகல் பன்னிரண்டுக்குத் திரும்பினால் எங்கள் கேட்டுக்கு முன்னால் தெருவே நிற்கிறது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். நர்ஸ் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடி அவிழ்ந்து ஒரு கொத்து அண்ணியின் கையில் இருந்தது. நர்ஸின் வலது கை மடியில் கிடந்தது. அதில் விரல்கள் விரல்களாக இல்லை. இரும்புக் கேட்டுக்கும் தூணுக்கும் நடுவே வைத்துப் பயில்வான் சாத்தியிருக்கிறான். இரண்டு முறை.

"சொல்லுடி, யாரு வெக்கச் சொன்னா?" என்று கத்திக்கொண்டிருந்தான். ஓட்டல்காரர் கையில் விறகுக் கட்டை. பால்காரர் கையில் கல். நேற்றுவரை இவர்கள் எல்லோரும் அவளிடம் பிரஷர் பார்த்துக்கொண்டவர்கள்.

நடுவில் மண்ணோடு ஒரு பிஸ்கட் டின். மாடியில் பெரிய செம்பருத்தித் தொட்டியின் அடிமண்ணிலிருந்து வாத்தியார் தோண்டி எடுத்தது. டின் நிறைய ஊசிகள். துருவும் காய்ந்த ரத்தமும். பாவை செய்து ஊசி குத்துவார்கள் என்று தெருவுக்குத் தெரியும். அண்ணனின் ரத்தம், அண்ணனைக் குத்திய ஊசி, அண்ணன் வீட்டு மண். நானே நீதிபதியாக இருந்தாலும் அசந்திருப்பேன்.

ஒரே சிக்கல், அதைப் புதைத்தவன் நான்.

குப்பை அள்ளுகிற பெண்ணின் உள்ளங்கையில் ஒரு நாள் ஊசி ஏறிவிட்டது. அன்றிலிருந்து அண்ணனுக்குப் போட்ட ஊசிகளை டின்னில் சேர்த்துத் தொட்டியில் புதைத்து வந்தேன். நல்ல காரியம். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, நல்ல காரியங்களைச் சொல்லிக்கொள்ளக்கூடாது என்று நிறையப் படித்திருக்கிறேன்.

பால்காரர் கல்லை ஓங்கினார்.

"அவளை விடுங்க. அதைப் புதைச்சது நான்" என்றேன். விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். முதல் வாக்கியத்தோடு அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

பயில்வான் மில்லிலிருந்து கொண்டுவந்த சட்டத்தால் அடித்தான். தேக்கு. அண்ணன் கடையில் மலிவுச் சரக்கு கிடையாது. முதல் அடி விலாவில், அடுத்தது முட்டியில். விழுந்த பிறகு எண்ணவில்லை. நல்லது ஒன்று நடந்தது: எல்லோரும் என் பக்கம் திரும்பியதில் பெட்டிக்கடைக்காரி நர்ஸை எழுப்பி அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

"சித்தப்பான்னு பாக்கக்கூடாது. பல்லைத் தட்டுடா!" என்றார் ஓட்டல்காரர். "பல்லு போச்சுன்னா மந்திரம் வாயில நிக்காது."

பயில்வான் என் மார்பில் உட்கார்ந்தான். சின்ன வயதில் இதே இடத்தில் உட்காரவைத்து அவனுக்குக் கதை சொல்லியிருக்கிறேன். சுத்தியலின் பிடியால் மேல்வரிசையில் ஒன்று. இன்னொன்று. மூன்றாவதற்குக் கை உயர்ந்தபோது வாத்தியார் ஓடிவந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"முட்டாள்! கட்டினவன்தான்டா அவிழ்க்கணும். அவிழ்க்கிற மந்திரமும் அவன் வாயிலதான் இருக்கு. எல்லாத்தையும் தட்டிட்டா உங்கப்பன் கதி?"

ஓங்கிய கைகள் இறங்கின. கணக்கு வாத்தியார்; கணக்கு தப்பாது.

தரையில் கிடந்தபடி வானத்தைப் பார்த்தேன். வாயில் ரத்தம் வெதுவெதுப்பாக நிறைந்தது. உள்ளே அண்ணன் மூச்சு வாங்குவது ஜன்னல் வழியாகக் கேட்டது. நீளமான, பசித்த மூச்சு. ஒரு வாரமாக நான் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். என்ன சாதித்தேன்? ஒரு சுண்டுவிரலைத் தொலைத்தேன். இந்த மனிதர் ஒரு விதியைச் சொல்லி அத்தனை பேரையும் நிறுத்திவிட்டார்.

எழுந்து உட்கார்ந்து துப்பினேன்.

"நான்தான் கட்டினேன்" என்றேன். "நானே அவிழ்க்கிறேன். ஆனா எந்த வழியா ஏத்தினேனோ அந்த வழியாத்தான் இறக்கணும். ஊசி வழியாத்தான் ஏத்தினேன். ஊசி வழியாத்தான் வரும். தினம் ரெண்டு வேளை. என் கையால."

அண்ணி வாத்தியாரைப் பார்த்தார்.

வாத்தியார் யோசித்தார். நேர்மையான மனிதர். விதியை மனத்துக்குள் ஒரு முறை போட்டுப் பார்த்தார். "சரிதான்" என்றார். "இரும்பால வந்தது இரும்பாலதான் போகும். மத்தவங்க குத்தினாத்தான் தோஷம். இவன் குத்தினா மோட்சம்."

மருந்துக் கடைக்குப் பயில்வானே ஓடினான்.

மந்திரம் சொல்லாமல் குத்தினால் நம்பமாட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. மனப்பாடமாக இருப்பது தீ இன்சூரன்ஸ் பாலிசியின் விலக்குப் பகுதி மட்டும். "போர், படையெடுப்பு, உள்நாட்டுக் கலகம், கலவரம், நிலநடுக்கம், தானே பற்றி எரிதல்..." இழுத்து, மூக்கால் சொன்னேன். பல் இல்லாததால் சமஸ்கிருதம்போலவே இருந்தது. கூடத்தில் எல்லோரும் கைகூப்பினார்கள்.

பிப்ரவரி 15, சனி

ஊசி மட்டும் போதாது. நெஞ்சுவரை காய்ச்சல் கொதிக்கிறது. காலையில் வாத்தியாரை வரவழைத்து, நான் ஏவியது பாதத்தில் உட்கார்ந்துகொண்டது, காவு வாங்காமல் எழுந்திருக்காது என்றேன்.

"என்ன காவு கேக்குது?"

"உட்கார்ந்த இடத்தைக் கேக்குது."

அண்ணி சுவரில் தலையை முட்டிக்கொண்டார். பிறகு என் முகத்தில் துப்பினார். பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார்.

பிப்ரவரி 17, திங்கள்

இடது கால், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதே டாக்டர்தான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் அறைக்குள் நுழைந்தார். அன்றைக்கே ஒத்துக்கொண்டிருந்தால் இரண்டு விரலோடு போயிருக்கும் என்றார். யாரிடம் சொல்கிறார்? என்னிடம். சூனியக்காரனிடம்.

வாத்தியார் அறுவை சிகிச்சை முடியும்வரை வராந்தாவில் கண்ணை மூடிக் கவசம் சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவரை வெறுக்க முயன்று இன்றும் தோற்றேன்.

பிப்ரவரி 26, புதன்

நர்ஸைப் பார்க்கப் போனேன். மூன்று விரல்களில் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நடுவிரல் இனி மடங்காது.

"என் பிழைப்பே இந்தக் கைதான் சார். நரம்பு தேடுற கை."

"டின் விஷயத்தை முன்னாடியே சொல்லியிருக்கணும்மா..."

"நீங்க படிச்சவரு. நல்லது பண்றதைக்கூட ரகசியமாத்தான் பண்ணுவீங்க." அவள் சிரிக்கவில்லை. "கேஸ் குடுத்திருக்கேன். சாட்சி சொல்லுவீங்களா?"

சொன்னேன். ஸ்டேஷனில் உட்கார்ந்து டின், ஊசி, கேட், பயில்வானின் கை, எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடி சொன்னேன். நான் யாருக்கும் எதையும் வைக்கவில்லை என்றும் சொன்னேன். இந்தச் செய்தி வீட்டுக்குப் போனால் ஊசி நின்றுவிடுமே என்று பயந்தேன். வீண் பயம். "சூனியக்காரன் போலீஸ்ல உண்மையா சொல்லுவான்?" என்றாராம் அண்ணி. ஒரு முறை பொய்யை நம்பிவிட்டால் உண்மையை எங்கே வேண்டுமானாலும் பத்திரமாகச் சொல்லலாம்.

பயில்வானைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மார்ச் 12, புதன்

நான் இப்போது ஆபீஸ் பக்கத்தில் ஓர் அறையில் இருக்கிறேன். காலையும் மாலையும் அண்ணன் வீட்டுக்குப் போய் ஊசி போடுகிறேன். நான் வாசலில் கால் வைத்ததும் அண்ணி சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார். அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு வயிற்றைக் காட்டுவார். போர், படையெடுப்பு, கலவரம் சொல்லி முடித்து வந்துவிடுவேன்.

நேற்று தெருமுனையில் ஓட்டல்காரர் என்னை ஓரமாக அழைத்தார். பல்லைத் தட்டச் சொன்ன அதே மனிதர்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. எதிர்த்தாப்ல புதுசா ஒருத்தன் ஓட்டல் போட்டிருக்கான். லேசா... வயித்துப்போக்கு மாதிரி ஏதாவது..."

"உங்க சமையலை அவனுக்கு அனுப்புங்க" என்றேன். அதுவே பரிகாரம் என்று எடுத்துக்கொண்டு பயபக்தியோடு போனார்.

மார்ச் 29, சனி

மண்டலம் முடிந்தது. தகட்டை அவிழ்த்தார்கள். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வெட்டிய இடம் ஆறிவிட்டது. கவசத்தின் மகிமை என்று வாத்தியார் சொல்லவில்லை, ஊரே சொல்கிறது. ஊசியை நிறுத்திவிடலாமா என்று அண்ணி கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டார். ஆயுசுக்கும் அவிழ்க்க வேண்டிய கட்டு என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று காலை அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. சக்கர நாற்காலியை ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் மருந்தை உறிஞ்சினேன்.

"ஏன்டா செஞ்சே?" என்றார்.

இரண்டு மாதமாக எதிர்பார்த்த கேள்வி. பதில் தயாராக இருந்தது. "வீட்டுல பாகம் கேக்கலாம்னு..."

"பொய் சொல்லாத. உனக்கு வீடும் வேணாம் ஒண்ணும் வேணாம். உன்னைத் தெரியாதா எனக்கு?" குனிந்து இல்லாத காலைப் பார்த்தார். "ராத்திரி பகலா யோசிச்சுப் பாத்துட்டேன். உன் காலேஜ் புஸ்தகத்தையெல்லாம் மில்லு அடுப்புல போட்டேனே, அதுக்கா?"

சிரிஞ்சில் இருந்த காற்றுக் குமிழைத் தட்டினேன்.

"அந்தப் பொண்ணு வீட்டுல சொல்லி உன் கல்யாணத்தை நிறுத்தினேனே. அதுக்கா? அப்பா சாவுக்கு வந்தவங்க முன்னாடி உன்னைச் செருப்பால அடிச்சேன். கிணத்துல தலைகீழா புடிச்சுத் தொங்கவிட்டேன், அப்ப உனக்கு ஏழு வயசு. ஒண்ணுக்குப் போயிட்ட. அதைப் பள்ளிக்கூடம் பூரா சொல்லிச் சிரிச்சேன்."

சொல்லிக்கொண்டே போனார். வரிசை தப்பாமல், வருடத்தோடு. அதில் இரண்டு எனக்கே மறந்துபோனவை. ஐம்பது வருடமாக அவர் இவற்றை வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. இந்த வீட்டில் யாரும் யாரிடமும் எதற்கும் வருத்தம் தெரிவித்ததில்லை.

ஊசி முனையில் ஒரு துளி நின்றது.

நான் எதுவும் செய்யவில்லை அண்ணா என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஊசி நின்றுவிடும். இதுவும் நின்றுவிடும்.

"ஆமாண்ணா" என்றேன். "அதுக்குத்தான்."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்."

அவர் நெடுநேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "காரணம் இல்லாம நீ செய்யமாட்டேன்னு தெரியும்" என்றார். பிறகு தானே சட்டையைத் தூக்கினார்.

இன்று மந்திரம் சொல்ல மறந்துவிட்டேன். அவரும் கேட்கவில்லை.